முதற்கதையும் வழிக்கதையும்

முன்னுரை

கதை கேட்கும் விருப்பம் மக்களுக்கு இயல்பாய் அமைந்தது. நல்ல கதையொன்றைக் கேட்டு முடித்தவுடன், 'பிறகு என்ன நடந்தது?' என்று வினவாத குழந்தை இல்லை. ஆயினும், அக்குழந்தைக்கே அடுத்த நாள் அதே கதையைச் சிறிது மாற்றிச் சொல்லிப் பார்த்தால், 'அப்படியில்லை, நேற்று வேறு மாதிரி சொன்னீர்களே' என்று உடனே இடைமறிக்கும். புதியது வேண்டும் என்னும் அவாவும், பழையது மாறலாகாது என்னும் அவாவும் ஒரே உள்ளத்தில் ஒருங்கே குடியிருக்கின்றன. வளர்ந்தோர் உள்ளமும் இதற்கு விலக்கன்று.

நம் இலக்கண ஆசிரியர் நூல்களை முதல் நூல், வழி நூல், சார்பு நூல் என மூன்றாகப் பகுத்தனர். வழி நூல் என்பது முதல் நூலின் கருத்தோடு மாறுபடாமல் நிற்க வேண்டும். எனினும், பின்வந்த ஆசிரியன் தன் காலத்துக்கு வேண்டுமெனக் கருதிய புதுமைகளைச் சேர்த்துக்கொள்ள உரிமையுடையவன். இஃது அறிவு நூல்களை நோக்கி வகுக்கப்பட்டதாயினும், கதைகளுக்கும் இதனைப் பொருத்திப் பார்த்தல் பயனுடைத்து. ஒரு கதையின் வழியே மற்றொரு கதை பிறக்கும்போது, அதில் எம்மட்டும் ஒற்றுமை வேண்டும், எம்மட்டும் வேற்றுமை தகும், அதனை அளந்து தீர்ப்புக் கூறுவோர் யாவர் என்னும் வினாக்கள் எழுகின்றன.

இவ்வினாக்களை ஆராய்தற்கு அமெரிக்க நாட்டில் தோன்றிய 'ஸ்டார் டிரெக்' என்னும் அறிவியற் புனைகதைத் தொடரைப்போல் வாய்ப்பான சான்று பிறிதொன்று கிடைப்பது அரிது. 1966 முதல் பல வழிக்கதைகள் அதிலிருந்து கிளைத்துள்ளன. அவை ஒவ்வொன்றும் வெளிவந்த காலத்தில் பழைய ரசிகர் ஒரு பாலார் மகிழ்ந்தனர், மற்றொரு பாலார் மனம் வருந்தினர், சிலர் சினந்தனர். அவ்வரலாற்றினின்று நாம் கற்றுக்கொள்ளக் கூடியது யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதற்றொடரும் அதன் ரசிகரும்

ஜீன் ராடன்பெரி என்பார் ஆக்கிய முதற்றொடர் 1966ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் என்.பி.சி. என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனத்தின் வாயிலாக ஒளிபரப்பாகத் தொடங்கிற்று. இருபத்துமூன்றாம் நூற்றாண்டில் 'எண்டர்பிரைஸ்' என்னும் விண்கலம் அறியப்படாத உலகங்களை நாடிச் செல்கின்றது என்பது கதையின் அடிப்படை. கிர்க் என்பவன் அதன் தலைவன். உணர்ச்சியை அடக்கி அறிவின் வழியே நடக்கும் வேற்றுலகத்தானாகிய ஸ்பாக் அவனுக்குத் துணைவன். மக்காய் என்பவர் மருத்துவர். கறுப்பினப் பெண்ணாகிய உஹுரா, ஆசிய மரபினனாகிய சுலு, இரசிய இளைஞனாகிய செக்காவ் ஆகியோரும் அக்கலத்தில் ஒருங்கே பணிபுரிந்தனர். அமெரிக்காவில் நிறவேற்றுமைப் போராட்டம் ஓயாதிருந்த காலம் அது. சோவியத் நாட்டோடு பகைமை நிலவிய காலமும் அதுவே. ஆதலின், பல இனத்தார் ஒரு கலத்தில் உடனுழைக்கும் காட்சி, பார்த்தோர் பலருக்கு வெறும் பொழுதுபோக்காக இராமல் ஒரு நம்பிக்கையாக அமைந்தது.

இத்தொடரைக் கண்டோர் தொகை நிறுவனத்தார் விரும்பிய அளவுக்கு உயரவில்லை. இரண்டாம் ஆண்டோடு இது நிறுத்தப்படக்கூடும் என்னும் செய்தி பரவவே, ரசிகர் ஒன்றுகூடி நிறுவனத்துக்குக் கடிதங்கள் எழுதத் தொடங்கினர். பியோ டிரிம்பிள், ஜான் டிரிம்பிள் என்னும் தம்பதியர் இம்முயற்சியில் முன்னின்றனர். பல்லாயிரக்கணக்கான கடிதங்கள் வந்து குவிந்தன. 1968ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், தொடர் மூன்றாம் ஆண்டும் நடைபெறும் என்று நிறுவனத்தார் ஒளிபரப்பிலேயே அறிவித்தனர். ஆயினும், வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி என்னும் பொருந்தா நேரம் அதற்கு ஒதுக்கப்பட்டது. 79 கதைகளோடு 1969ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடர் முடிவுற்றது.

முடிவுற்ற பின்னரே அதன் புகழ் வளர்ந்தது. பல ஊர்களிலுள்ள நிலையங்கள் அதனை மீண்டும் மீண்டும் ஒளிபரப்பின. 1972ஆம் ஆண்டு சனவரியில் நியூயார்க்கு நகரில் ரசிகர் மாநாடொன்று கூடிற்று. சில நூறு பேர் வருவர் என்று எண்ணியிருந்த இடத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். 1976ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு ஆக்கிய முதல் விண்ணோடத்துக்கு வேறு பெயர் குறித்திருந்தும், ரசிகர் கடிதங்களின் பயனாக 'எண்டர்பிரைஸ்' என்னும் பெயரே இடப்பட்டது. 1979 முதல் அதே நடிகரைக் கொண்டு திரைப்படங்களும் வெளிவந்தன.

இவ்வரலாற்றை இத்துணை விரித்துக் கூறியதன் காரணம் யாதெனின், பின்னர் எழுந்த மனக்கசப்பின் வேர் இதிலேயே அடங்கியிருத்தலான் என்க. ஒரு மரத்தை நட்டவன் ஒருவன். அது வாடிய காலத்தில் நீர் வார்த்துப் பிழைப்பித்தோர் பலர். மரம் எமதும் ஆகும் என்று அப்பலரும் கருதினால் அதனை முற்றும் பிழையென்று தள்ளிவிட இயலுமா?

1987ஆம் ஆண்டின் புதுத்தொடர்

இருபது ஆண்டுகள் கழிந்தன. 'அடுத்த தலைமுறை' என்னும் பொருள்பட, 'த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற பெயரில் ஒரு புதுத்தொடர் வரப்போகின்றது என்று 1986ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. கதை நிகழுங்காலம் பழைய தொடருக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர். கலத்தின் பெயர் மட்டும் அதே 'எண்டர்பிரைஸ்'. அதில் இருப்போர் அனைவரும் புதியர்.

கிர்க்கும் ஸ்பாக்கும் இல்லாத ஸ்டார் டிரெக்கும் ஒரு ஸ்டார் டிரெக்கா என்று ரசிகர் பலர் வெகுண்டனர். புதிய தலைவன் பிக்கார்ட் என்னும் பிரெஞ்சுப் பெயருடையவன். அவ்வேடம் தாங்கிய பாட்ரிக் ஸ்டூவர்ட், இங்கிலாந்தில் சேக்சுபியர் நாடகங்களில் பயின்றவர், தலையில் முடியற்றவர், பெரும்பான்மையான அமெரிக்கர் அதுவரை அறியாதவர். கிர்க்கு முந்திப் பாய்பவன். பிக்கார்டோ அமர்ந்து ஆலோசிப்பவன். பழைய தொடரில் கொடும் பகைவராக வந்த கிளிங்கான் இனத்தான் ஒருவன், புதுக்கலத்தில் அதிகாரியாக நின்றான். ஸ்பாக்கின் இடத்திலோ, மனிதனாக விழையும் டேட்டா என்னும் இயந்திரன் இருந்தான். இவையெல்லாம் பழைய ரசிகர் கண்ணுக்கு உறுத்தலாயின. தொடரின் ஒரு காட்சியையேனும் காணுமுன்னரே இக்குறைகள் கூறப்பட்டன என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

எல்லோரும் இவ்வாறு எண்ணினர் என்றும் கொள்ளலாகாது. தம் அன்புக்குரிய கதையுலகு மீண்டும் வாராவாரம் இல்லந்தேடி வருகின்றதே என்று மகிழ்ந்தோரும் பலர். 1987ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் முதற்கதை ஒளிபரப்பானபோது பெருந்திரளானோர் அதனைக் கண்டனர். அம்முதற்கதையில், பழைய தொடரின் மருத்துவர் மக்காய், நூற்றுமுப்பத்தேழு வயதுக் கிழவராகச் சிறிது நேரம் தோன்றிப் புதிய கலத்தை வாழ்த்திச் செல்கின்றார். மூத்தோர் ஆசி இளையோர்க்கு உண்டு என்று ரசிகருக்கு உணர்த்தவே ஆசிரியர் அக்காட்சியை அமைத்தனர் என்பது வெளிப்படை.

குறைகள் இருந்தன

ரசிகர் அனைவரும் வீணே பழித்தனர், காலம் அவரைப் பொய்ப்பித்தது என்று முடித்துவிட்டால் கட்டுரை எளிதில் நிறைவுறும். ஆயின், அஃது உண்மையாகாது. புதுத்தொடரின் முதலிரண்டு ஆண்டுகளில் மெய்யான குறைகள் பல இருந்தன.

அதன் இரண்டாவது கதை, பழைய தொடரில் 1966ஆம் ஆண்டிலேயே வந்த கதையொன்றைப் பெரிதும் பின்பற்றியது. கலத்திலுள்ளோர் நோய்வாய்ப்பட்டுக் குடித்து மயங்கியவரைப்போல் நடந்துகொள்ளும் அக்கதையைத் திரும்பவும் கண்டோர், புதியவரோடு நாம் பழகுமுன்னரே அவர்தம் நிலைதிரிவைக் காட்டுவதால் பயன் என்ன என்று வினவினர். அவ்வினா நியாயமானதே. அதே ஆண்டு வந்த வேறொரு கதை, கறுப்பின நடிகரையே ஒரு வேற்றுலகத்து மக்களாகக் காட்டி, அவரைப் பழைய இழிவான கற்பனைகளுக்கேற்பச் சித்திரித்தது. உஹுராவைப் படைத்த மரபில் இத்தகைய கதை வந்தது பெருங்குறையே. அதில் நடித்தோர் சிலரே பின்னாளில் அதனைக் குறித்து நாணினர். வெஸ்லி என்னும் சிறுவன், தேர்ந்த அதிகாரிகளால் இயலாதவற்றையெல்லாம் நொடியில் செய்து கலத்தைக் காப்பதாக எழுதப்பட்ட கதைகளும் பலருக்கு வெறுப்பூட்டின. 1988ஆம் ஆண்டில் எழுத்தாளர் வேலைநிறுத்தம் நிகழ்ந்தமையால் இரண்டாம் ஆண்டுக் கதைகள் குறைந்தன. அவ்வாண்டின் இறுதிக் கதையோ பழைய காட்சிகளைத் தொகுத்து ஒட்டிய ஒன்றாயிற்று.

இங்ஙனம் நோக்குங்கால், ரசிகர் கூறிய குறைகள் இருவகைப்படுதல் காணலாம். ஒன்று, 'இது பழையது போன்றதன்று' என்பது. இதனை வேற்றுமைக் குறை எனலாம். மற்றொன்று, 'இது நன்றாக ஆக்கப்படவில்லை' என்பது. இதனை ஆக்கக் குறை எனலாம். கூறுவோர் வாயில் இரண்டும் ஒரே சினத்தோடு ஒன்றாய்க் கலந்து வருதலின், கேட்போர் ஒன்றையே மற்றொன்றாக மயங்குகின்றனர். நெல்லும் பதரும் ஒரே முறத்தில் கிடப்பதுபோல இவை கிடக்கின்றன. புடைத்துப் பிரிக்கும் தொழிலைக் காலம் செய்கின்றது.

காலம் புடைத்த வகை

1989ஆம் ஆண்டு தொடங்கிய மூன்றாம் ஆண்டில் மைக்கேல் பில்லர் என்பவர் எழுத்தாளர் குழுவுக்குத் தலைவரானார். வாரந்தோறும் ஒரு புதிய அபாயத்தைக் காட்டுவதை விட, கலத்திலுள்ள ஒருவர் உள்ளத்தில் நிகழும் போராட்டத்தைக் காட்டுவதே கதைக்கு உயிர் என்று அவர் கருதினார். பெயர் பெறாத எழுத்தாளரும் தம் கதைகளை அனுப்பலாம் என்று வாயில் திறக்கப்பட்டது. சிறு வயது முதலே ஸ்டார் டிரெக்கில் ஈடுபட்டிருந்த ரொனால்ட் மூர் என்னும் இளைஞர், படப்பிடிப்பு இடத்தைப் பார்வையிடச் சென்றபோது தாம் எழுதிய கதையொன்றை அங்குள்ளோரிடம் கொடுத்துவந்தார். பணியில் தாயை இழந்த ஒரு சிறுவனைப் பற்றிய அக்கதையைப் பில்லர் ஏற்றார். அது 1989ஆம் ஆண்டு அக்டோபரில் ஒளிபரப்பாயிற்று. மூரும் எழுத்தாளர் குழுவில் ஒருவரானார். ரசிகர் கூட்டத்தினின்றே ஆசிரியர் ஒருவர் எழுந்தமை ஈண்டு சிறப்பாகக் கருதத்தக்கது.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மூன்றாம் ஆண்டின் இறுதிக் கதை வந்தது. அதில் தலைவன் பிக்கார்டையே பகைவர் சிறைப்பிடித்துத் தம்முள் ஒருவனாக மாற்றிவிட, அவன் இருக்கும் கலத்தின்மேல் தாக்குதல் நடத்துமாறு துணைவன் கட்டளையிடும் இடத்தில் கதை நிறுத்தப்பட்டது. அடுத்த பகுதிக்காக ரசிகர் செப்டம்பர் மாதம் வரை காத்திருந்தனர். மூன்று ஆண்டுகளுக்கு முன் 'இவன் எமக்குத் தலைவனா?' என்று கேட்டவர் பலரும், அக்கோடையில் 'இவன் உயிர் பிழைப்பானா?' என்று கவலையுற்றனர். 1992ஆம் ஆண்டில், அழிந்துபோன ஓர் உலகத்தின் சிற்றூரில் பிக்கார்டு ஒரு முழு வாழ்நாளையும் அரைமணிப் பொழுதுக்குள் கனவுபோல் வாழ்ந்து முடிக்கும் கதை வந்தது. அஃது அடுத்த ஆண்டில் அறிவியற் புனைகதைக்குரிய ஹியூகோ பரிசினைப் பெற்றது. ஏழு ஆண்டுகள் நடந்து, 178 பகுதிகளோடு 1994ஆம் ஆண்டு மே மாதத்தில் அத்தொடர் புகழோடு நிறைவெய்திற்று.

முன் கூறிய குறைகளை இப்போது முறத்திலிட்டுப் பார்ப்போம். தலைவன் தலையில் முடியில்லை, கிளிங்கான் அதிகாரியாக நிற்கின்றான், ஸ்பாக்கு இல்லை என்னும் வேற்றுமைக் குறைகள் யாவும் காற்றில் பறந்தன. அவ்வேற்றுமைகளே பின்னர்ச் சிறப்புகளாகப் போற்றப்பட்டன. பழங்கதையைப் படியெடுத்தது, ஓரினத்தாரை இழிவாகக் காட்டியது, சிறுவனுக்குத் தகுதிக்கு மிஞ்சிய வெற்றிகளைத் தந்தது என்னும் ஆக்கக் குறைகளோ இன்றும் குறைகளாகவே நிற்கின்றன. அவற்றை நல்ல கதைகள் என்று இன்று வாதிப்போர் அரியர். ஆகவே, ரசிகர் முற்றும் பிழைபட்டாரும் அல்லர். முற்றும் மெய்கண்டாரும் அல்லர்.

வேறு வழிக்கதைகள்

ஒரு சான்றுகொண்டு விதி வகுத்தல் முறையன்று. ஆதலின், பின்வந்த தொடர்கள் சிலவற்றையும் இவ்வளவுகோலால் அளந்து பார்த்தல் வேண்டும்.

1993ஆம் ஆண்டு சனவரியில் தொடங்கிய 'டீப் ஸ்பேஸ் நைன்' என்னும் தொடர், பயணம் செய்யும் கலத்தை விட்டு, ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் விண்நிலையத்தைக் களமாகக் கொண்டது. எங்கும் செல்லாத கதைக்குப் பயணப் பெயர் எதற்கு என்று பலர் எள்ளினர். இதுவும் முதலில் வேற்றுமைக் குறையாகவே தோன்றும். ஆயின், அதன் பிற்பகுதியில் நெடும் போரொன்று வருகின்றது. நல்லோரே பொய்யும் வஞ்சமும் செய்ய நேரிடுகின்றது. மனிதகுலம் மேம்பட்ட நிலையை அடைந்துவிட்ட காலத்தைக் காட்டுவதே ராடன்பெரியின் நோக்கமாயிருக்க, இத்தொடர் அந்நோக்கத்தையே ஐயுறுகின்றது என்று சிலர் வருந்தினர். அவ்வருத்தத்தை எளிதில் தள்ளலாகாது. கிளையில் நேரும் வேற்றுமை ஒன்று. வேரில் நேரும் வேற்றுமை மற்றொன்று. எனினும், உயர்ந்த கொள்கையை எளிய காலத்தில் போற்றுவது எளிது, இடர்க்காலத்தில் அதனைக் காப்பது எத்துணை அரிது என்பதைக் காட்டவே ஆசிரியர் போரைப் புகுத்தினர் என்று மற்றொரு சாரார் விடையிறுத்தனர். நாளடைவில் இவ்விடையே பெரும்பாலோருக்கு உடன்பாடாயிற்று. இன்று பலரும் அத்தொடரைத் தலைசிறந்தவற்றுள் ஒன்றாக வைத்தெண்ணுகின்றனர்.

2001ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்த 'எண்டர்பிரைஸ்' என்னும் தொடர் கிர்க்குக்கு ஒரு நூற்றாண்டு முற்பட்ட காலத்தைக் கூறிற்று. அதன் பெயரில் முதலிரண்டு ஆண்டுகள் 'ஸ்டார் டிரெக்' என்னும் சொல்லே சேர்க்கப்படவில்லை. இசைக்கருவிகளின் முழக்கத்துக்குப் பதிலாக ஒரு பாட்டைத் தொடக்கத்தில் வைத்தமை ரசிகர் பலரைச் சினமூட்டிற்று. ஆயின், அத்தொடரை மெலிவித்தது பாட்டன்று. முன்னைத் தொடர்களில் கண்ட கதைகளையே திரும்பக் காண்கின்றோம் என்னும் சலிப்பே. வேற்றுமை மிகுந்தது என்று முன்னர்க் குறைகூறியோர், இப்போது ஒற்றுமை மிகுந்தது என்று குறைகூறினர். இதில் முரண்பாடு இல்லை. மாறாதிருத்தல் மட்டுமே வழிக்கதைக்கு அணியாகாது என்பதையே இது காட்டுகின்றது. நான்காம் ஆண்டில் கதைகள் திருந்தின என்று பலர் மகிழ்ந்தபோதிலும், காண்போர் தொகை குறைந்துவிட்டமையால் 2005ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடர் நின்றது. அதன் இறுதிக் கதையோ மூத்த தொடரின் மாந்தரையே நடுவில் நிறுத்திற்று. தம் இல்லத்து விழாவில் தாமே விருந்தினர்போல் ஒதுங்கி நிற்க நேர்ந்ததே என்று அத்தொடரின் அன்பர் மனம் நொந்தனர்.

பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பின்னர், 2017ஆம் ஆண்டு செப்டம்பரில் 'டிஸ்கவரி' வந்தது. கலத்தின் தலைமை அதிகாரியையன்றி, தலைவிக்கு எதிராகக் கலகம் செய்து தண்டனை பெற்ற மைக்கேல் பர்னம் என்னும் பெண்ணை அது நடுநாயகமாக்கிற்று. இவள் ஸ்பாக்கின் வளர்ப்புத் தமக்கை என்றும் கூறப்பட்டது. கிளிங்கானர் தோற்றம் பெரிதும் மாற்றப்பட்டது. கிர்க்கின் காலத்துக்குப் பத்தாண்டு முற்பட்ட கதையில், கிர்க்கும் கண்டிராத விந்தைக் கருவிகள் இருந்தன. அன்றியும், கட்டணம் செலுத்துவோரே தொடர்ந்து காணக்கூடியதாக அமைந்தமையும் பலருக்கு மனக்குறையாயிற்று. கதை இருண்டுவிட்டது, பழைய நம்பிக்கை எங்கே என்று ஒரு சாரார் கேட்டனர். இருளினின்று ஒளிக்கு வருதலே இக்கதையின் போக்கு என்று மற்றொரு சாரார் கூறினர்.

குறைகேட்ட ஆசிரியர் சிலவற்றைத் திருத்தினர். இரண்டாம் ஆண்டில் கிளிங்கானர் தலையில் மீண்டும் முடி வளர்ந்தது; அவ்வாண்டின் முடிவில் கலமே ஏறக்குறைய 930 ஆண்டுகள் எதிர்காலத்துக்குத் தாவியமையால் கால முரண்பாடும் ஒருவாறு நீங்கிற்று. அவ்வாண்டில் தோன்றிய பைக் என்னும் தலைவனை ரசிகர் பெரிதும் விரும்பி, அவனுக்கெனத் தனித்தொடர் வேண்டுமென்று கேட்டனர். 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' என்னும் தொடர் அவ்வாறே 2022ஆம் ஆண்டில் பிறந்தது. 'டிஸ்கவரி' ஐந்து பருவங்களில் 65 கதைகளோடு 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்றது. அதனைப் பற்றிய கருத்துவேற்றுமை இன்னும் தீர்ந்தபாடில்லை. காலத்தின் முறம் இன்னும் ஆடிக்கொண்டிருக்கின்றது எனலாம்.

மூன்றாவது ஒன்று

வேற்றுமைக் குறை, ஆக்கக் குறை என்னும் இரண்டிலும் அடங்காத மூன்றாவது ஒன்றும் உண்டு. அது கதையை விட்டு மனிதரைத் தாக்குவது. கறுப்பினப் பெண்ணொருத்தி கதையின் தலைமைப் பாத்திரமாவதா என்று 'டிஸ்கவரி' வெளிவருமுன்னரே சிலர் இகழ்ந்து பேசினர். அப்பாத்திரத்தை ஏற்ற சொனெக்வா மார்ட்டின்-கிரீன் என்பவர், அங்ஙனம் பேசுவோர் இக்கதையுலகின் அடிப்படையையே அறியாதவர் என்னும் கருத்துப்பட அமைதியாக விடையளித்தார். 1966ஆம் ஆண்டிலேயே உஹுராவைக் கலத்தில் அமர்த்திய கதைக்குத் தம்மைக் காவலர் என்று கூறிக்கொண்டு ஒருவர் இவ்வாறு பேசுவாராயின், அவர் காப்பது கதையையன்று.

வெஸ்லி என்னும் பாத்திரத்தின் கதையும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. அவ்வேடம் பூண்ட வில் வீட்டன், தொடர் தொடங்கியபோது பதினைந்து வயதுச் சிறுவன். அப்பாத்திரத்தை எழுதியோர் வளர்ந்தோர். குறை அவர்தம் எழுத்தில் இருந்தது. வெறுப்போ அச்சிறுவன்மேல் விழுந்தது. அவ்வெறுப்புத் தம் இளமையை எத்துணைப் புண்படுத்திற்று என்பதை அவர் பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதியும் பேசியும் உள்ளார். கதையின்மேல் அன்புடையோம் என்று கூறிக்கொண்டே கதையில் வந்த சிறுவனை நோகச் செய்த அச்செயலை எந்த இலக்கணத்தாலும் நியாயப்படுத்த இயலாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில உண்மைகள் விளங்கும். ரசிகர்க்குக் கதையில் உரிமை உண்டு. அது நீர் வார்த்தோர் உரிமை. அவ்வுரிமையால் குறை கூறலாம், மன்றாடலாம், காணாமல் விலகியும் போகலாம். ஆயின், மரம் எந்தத் திசையில் கிளைவிட வேண்டும் என்று கட்டளையிட அவ்வுரிமை போதாது. முதற்றொடரைக் கண்டு மகிழ்ந்தோர், அதுவும் ஒரு காலத்தில் எவரும் கேளாத புதுமையாகவே வந்தது என்பதை மறத்தலாகாது.

மாணவ அன்பர்களே! நம் கல்லூரி வாழ்வில் இத்தகைய தீர்ப்புகளை நாள்தோறும் கூற நேரிடுகின்றது. விரும்பிய ஆசிரியர் சென்று புதியவர் வருகின்றார். பழகிய பாடநூல் நீங்கிப் புதுநூல் வருகின்றது. பழைய விடுதிக் கட்டடத்தின் இடத்தில் புதியது எழுகின்றது. அப்போது நம் உள்ளத்தில் எழும் வெறுப்பை ஒருமுறை முறத்திலிட்டுப் பார்ப்போமாக. 'இது வேறாக இருக்கின்றது' என்கின்றோமா, 'இது குறையாக இருக்கின்றது' என்கின்றோமா? வேறென்றால், சிறிது பொறுப்போம். குறையென்றால், அஞ்சாது எடுத்துக் கூறுவோம். திருந்துதற்கு உதவும் வகையில் கூறுவோம். வேரே மாறுகின்றது என்று தோன்றினால், அவ்வேர் யாது என்பதை முதலில் நாம் செவ்வனே அறிந்துகொள்வோம். கூறும் சொல் செயலைப் பற்றியதாக இருக்கட்டும். செய்தவரின் நிறத்தையோ வயதையோ பற்றியதாக இராதொழிக.

படப்பிடிப்பைப் பார்க்கச் சென்ற அந்த இளைஞரின் கையில் ஒரு கதை இருந்தது. தாம் நேசித்தது எவ்வாறு இருக்கவேண்டும் என்று அவர் விரும்பினாரோ, அதனை ஒருவாறு எழுதியே காட்டினார். முதற்கதைக்கு நாம் செலுத்தும் நன்றி, அதன் வழியில் நல்லதொன்றை ஆக்க முயல்வதேயாம்.